சிவப்பு டிராக்டரின் நிழல்

சனிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முக்வானா முடிவெடுத்துவிட்டான். இன்றைக்கு வீடு திரும்பினால் சிவப்பு டிராக்டரில்தான் திரும்புவது. பெண்டாட்டி நெலிமா கத்தினாலும் சரி, அழுதாலும் சரி, ஒன்றும் பேசாமல் இருந்தாலும் சரி. அந்தக் கடைசி சங்கதிதான் அவனுக்குக் கொஞ்சம் பயம்.

விஷயம் சின்னதல்ல. கல்யாணமான வருஷம் புருஷனும் பெண்டாட்டியுமாக நட்ட யூகலிப்டஸ் தோப்பை, பதினாலு வருஷம் கழித்து, போன மாதம்தான் வெட்டி விற்றார்கள். அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு டிராக்டர் வரும். அது சண்டித்தனம் பண்ணினால், இன்னொரு தோப்பு வளர இன்னும் பதினாலு வருஷம். எல்கன் மலைமேல் ஒரு வாரமாக மேகம் கட்டிக்கொண்டிருந்தது. முதல் மழைக்குள் உழுது வைக்காதவன் இந்த வருஷம் அடுத்தவன் மக்காச்சோளத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

கிடாலே டவுனில் பழைய வண்டிகள் விற்கும் இடத்தில் இரண்டு நின்றன. ஒன்று சிவப்பு, நூற்றுப்பத்து ஹெச்.பி., பின்சக்கரமே ஆள் உயரம். இன்னொன்று நீலம், ஐம்பது ஹெச்.பி., பார்த்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி அடக்கமாக நிற்கும். சனி மதியம் கடையைப் பூட்டிவிட்டு, மிஞ்சியதை எல்டோரெட் நகரத்துக்கு ஏற்றிவிடுவார்களாம்.

மூன்று நாளாக வீட்டில் இதே சண்டை. நெலிமா அவனை மகள் நங்கிலாவின் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"ஆறு ஏக்கரை வெச்சுக்கிட்டு அவ்ளோ பெரிய வண்டிய எங்க திருப்புவீங்க, நங்கிலாப்பா? சிதாட்டி வீட்டு வாசல்லயா?"

"ஆமா. அங்கதான் திருப்புவேன். அவன் பார்க்கணும்."

சிதாட்டி பக்கத்து நிலத்துக்காரன். அவனிடம் தொண்ணூறு ஹெச்.பி. வண்டி இருக்கிறது. சிவப்பு அதைவிட இருபது கூட; முக்வானாவுக்குத் தூக்கம் கெட்ட காரணம் அந்த இருபதுதான்.

"டீசல் யார் ஊத்துறது? சரி, ஓடை மேல மரப்பாலம் இருக்கே, அது தாங்குமா?"

"தாங்காம? அதைக் கட்டினது யாரு? நான்!"

"அதனாலதான் கேக்கறேன்."

முக்வானா எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டான்.

ஆகவே சனிக்கிழமை தனியாகக் கம்பி நீட்டுவது என்று திட்டம். "சங்கத்துல உரம் வந்திருக்காம். ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்றான், முகத்தைத் துடைத்துக்கொண்டே, மூச்சை அடக்கிக்கொண்டு.

"போயிட்டு வாங்களேன். ஆனா கோழி அடிச்சிருக்கேன். இரைப்பை இன்னும் வேகலை. வெந்ததும் தின்னுட்டுக் கிளம்புங்க. எனக்கு சர்ச்சுல பொம்பளைங்க கூட்டம், நான் போறேன்" என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு நெலிமா வாடகை பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.

கோழி இரைப்பை குடும்பத் தலைவனுக்கு உரியது. அதைச் சட்டியில் விட்டுவிட்டு எழுந்து போகிற புக்குசு இனத்து ஆம்பளை இன்னும் பிறக்கவில்லை. காரணமே இல்லாத ஒரு காலையில் பெண்டாட்டி அதை வேக வைக்கிறாள் என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்? முக்வானா ஒரு மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெந்தது. தின்றான். ஜெயித்த ருசியாக இருந்தது.

பத்து மணிக்குக் கிடாலேயில் இறங்கி, வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தவன், ஐந்தாவது எட்டில் மின்சாரம் தாக்கியதுபோல நின்றான்.

சிவப்பு டிராக்டரின் நிழலில், முன்சக்கரத்தில் சாய்ந்தபடி, பச்சைத் துணியில் மஞ்சள் அன்னாசிப்பழம் போட்ட லேசோவைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு கம்பி முறிந்த கறுப்புக் குடை.

மாமியார்!

பதினாலு வருஷத்தில் மாமியாரின் முகத்தை முக்வானா பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது. மாமியார் எதிரே வந்தால் மருமகன் புதருக்குள் பாய வேண்டும். பக்கத்தில் போய் நின்றுவிட்டால் ஆடு அபராதம், அதோடு ஊர்ச் சிரிப்பு. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் துணியும் அந்தக் குடையும்தான். முக்வானா ஒரு சட்டிக்கலப்பைக்குப் பின்னால் பாய்ந்தான்.

விற்பனைக்காரன் ஒபாண்டா ஓடி வந்தான். "என்னண்ணே, விழுந்துட்டீங்களா?"

"மெதுவாப் பேசு! அங்க உக்காந்திருக்காங்களே, அவங்க என் மாமியார்."

"அடக் கடவுளே!" ஒபாண்டாவும் பக்கத்தில் குந்தினான். அவனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. "பஸ்ஸுக்குக் காத்திருக்காங்களாம்ணே. இருக்கிறதுலயே பெரிய வண்டி, பெரிய நிழல்னு அங்க உக்காந்துட்டாங்க."

"எந்திரிக்கச் சொல்லேன்."

"மருமகன் எந்திரிக்கச் சொன்னார்னு போய்ச் சொல்லவா?"

"ஐயையோ!"

"வேற எப்படிண்ணே சொல்றது? சக்கரத்துல சாஞ்சிருக்கறவங்கள வெச்சுக்கிட்டு நான் வண்டிய நகத்தவும் முடியாது."

பஸ் வரும், போய்விடுவார் என்று முக்வானா காத்திருந்தான். ஒரு பஸ் போனது. இன்னொன்று போனது. அம்மாள் அசையவில்லை. மேற்கே மலை கறுத்துக்கொண்டே வந்தது. மணி பதினொன்று. போதாக்குறைக்கு செரங்கானிப் பக்கத்திலிருந்து ஒரு நெட்டைக்காரர் வந்து நீல டிராக்டரைச் சுற்ற ஆரம்பித்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. டயரைத் தட்டினார். முக்வானா கலப்பைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். சிவப்பை நெருங்க முடியாது, நீலமும் போய்விட்டால்? வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் நெலிமா முகத்தில் எப்படி முழிப்பது?

கடைசியாக ஒரு முயற்சி. கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, பின்பக்கமாகத் தவழ்ந்து போய் ஏறிவிடுவது. தவழ்ந்தான். பின்சக்கரம் வந்தது. வளைந்தான். வெயில் நகர்ந்திருந்தது, நிழலும் நகர்ந்திருந்தது, நிழலோடு அம்மாளும் நகர்ந்திருந்தார். மூக்குக்கு ஒரு சாண் தள்ளி இரண்டு பாதங்கள்.

கண்ணை இறுக மூடிக்கொண்டு மண்ணில் குப்புற விழுந்தான். "அத்தை! மன்னிச்சுடுங்க! தெரியாம வந்துட்டேன்! என் தப்புதான்! எல்லாமே என் தப்புதான்!"

தவழ்ந்தபடியே பின்வாங்கி, தூரம் போய் ஓரக்கண்ணால் பார்த்தான். குடை குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், வயசான மனுஷியை அழ வைத்துவிட்டோமே என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை.

நெட்டைக்காரர் பையிலிருந்து எதையோ எடுக்கப் போனார். முக்வானா ஓடினான். "அது என்னுது!" என்று நீல வண்டியின் எஞ்சின் மூடியில் கையை வைத்தான். இரும்பு சில்லென்றிருந்தது. 'போன உடனே எஞ்சினைத் தொட்டுப் பாருங்க; சூடா இருந்தா முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி ஏமாத்தறான்னு அர்த்தம்' என்று நெலிமா சொன்னது ஞாபகம் வந்தது. எரிச்சலாகவும் வந்தது. சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. படபடவென்று பிடித்துக்கொண்டது. பின்னால் கலப்பையை மாட்டித் தூக்கினான். தூக்கிய கலப்பை கால் மணி நேரம் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. நெட்டைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போய்விட்டார்.

முதல் தூறல் விழும்போது மரப்பாலத்தை நெருங்கினான். பாலம் முனகியது. முக்வானா வியர்த்தான். நீல வண்டி ஏறி, நடுவில் ஒரு முறை ஆடி, இறங்கிவிட்டது. இதே இடத்தில் சிவப்பு வந்திருந்தால் என்பதை அவன் நினைக்க விரும்பவில்லை.

வாசலில் நெலிமா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, சோப்பு நுரை.

"அட, உரம் ரொம்பப் பெரிசா இருக்கே!"

முக்வானா சிரித்து மழுப்பினான். பிறகு நெஞ்சை நிமிர்த்தினான். "ரெண்டையும் அக்கு வேறா ஆணி வேறா பார்த்துட்டுத்தான் வாங்கினேன். சிவப்புல ஏறி உக்காந்தேன், ஓட்டினேன், எனக்குத் திருப்தி இல்லை. ஆம்பளை கண்ணு, சும்மாவா?"

"அப்போ கீழ எண்ணெய் சொட்டினதையும் பார்த்திருப்பீங்க."

"சொட்டுச்சா?"

"சொட்டு சொட்டா. மூணு மணி நேரம்." நெலிமா வாளியிலிருந்து துணியைத் தூக்கி உதறினாள். பச்சைத் துணி. மஞ்சள் அன்னாசிப்பழம். ஓரம் முழுக்கக் கறுப்பு எண்ணெய். "அம்மாவோடது. தங்கச்சி பிரசவத்துக்குன்னு போன வாரமே உகாண்டா போனப்ப விட்டுட்டுப் போனாங்க. இந்தக் கறை போகவே மாட்டேங்குது."

முக்வானா டிராக்டரிலிருந்து இறங்க மறந்து உட்கார்ந்திருந்தான். மழை அவன் தலையில் பெய்தது.

"ஆனா ஒண்ணு, நங்கிலாப்பா" என்றாள் நெலிமா, துணியைப் பிழிந்துகொண்டே. "பதினாலு வருஷத்துல இன்னிக்குத்தான் முதல் தடவையா என்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கீங்க."