புள்ளியப்பன் நடத்திய சும்மா ஓட்டம்

ஒரு காட்டில் மரங்களையெல்லாம் வெட்டி மனை போட்டுவிட்டு, போன மரங்களின் ஞாபகார்த்தமாக அந்த இடத்துக்குச் சோலைவனம் நகர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த நகரின் கடைசித் தெருவில், கடைசி வீட்டில், புள்ளியப்பன் என்ற சிறுத்தை குடியிருந்தார். நல்ல மாதிரி. கொழுப்பு ஏறிவிட்டதென்று மருத்துவர் இறைச்சியை நிறுத்தச் சொன்னதிலிருந்து காலையில் கேழ்வரகுக் கூழ், ராத்திரி இட்லி என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தார். ஆனால் ஊர் அதை நம்ப வேண்டுமே. அவர் காய்கறி வாங்கத் தெருவில் இறங்கினால் வரிசையாகக் கதவுகள் சாத்திக்கொள்ளும். பொங்கலுக்கு எல்லா வீட்டுக்கும் கரும்பு கொடுத்த குடியிருப்போர் சங்கம், அவர் வீட்டுக்கு மட்டும் தூரத்திலிருந்து எறிந்துவிட்டு ஓடிப்போனது. கரும்பு காலில் பட்டு வலித்தது. மனசு அதைவிட வலித்தது.

அக்கம்பக்கத்தோடு பழக என்ன வழி என்று யோசித்தவருக்கு, எல்லாரும் சேர்ந்து ஒரு ஓட்டம் ஓடினால் என்ன என்று தோன்றியது. போட்டி கிடையாது, பரிசு கிடையாது, கட்டணமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவிலிருந்து கிளம்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் ஆளுக்கொரு டம்ளர் நீர்மோர். ‘சும்மா ஓடுவோம் வாங்க’ என்று தானே தட்டி எழுதிப் பூங்கா வாசலில் கட்டினார்.

அந்தச் சும்மாவில்தான் வந்தது வினை.

மான் மரகதத்துக்கு அந்தச் சொல் பிடிபடவே இல்லை. அவள் வம்சத்தில் யாரும் சும்மா ஓடியதில்லை. துரத்தினால் ஓடுவார்கள், துரத்தாவிட்டால் மேய்வார்கள். எருமை ஏகாம்பரமோ, சும்மா இருக்கிறவன் எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சேற்றில் மறுபக்கம் புரண்டு படுத்தார். சங்கத் தலைவர் முயல் மூக்கையா மட்டும் தட்டியை நின்று நிதானமாகப் படித்தார். சும்மா வந்து பாருங்கள் என்று யாரோ கூப்பிட்டதை நம்பிப் போய், குளத்துக்கு நடுவில் ஒரு மனையை வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்.

“சிறுத்தைங்கறதுக்காக நான் ஒண்ணும் சொல்லல. அது அவரவர் பிறப்பு,” என்றார் மூக்கையா. “ஆனா சும்மாங்கறாரே, அதுதான் இடிக்குது.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. புள்ளியப்பன் ஒற்றை ஆளாக நின்று பார்த்துவிட்டு, ஒரு பானை நீர்மோரையும் தானே குடித்துத் தீர்த்தார். கண் கலங்கியதற்கு, இஞ்சி கொஞ்சம் தூக்கல் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அப்போது அந்தப் பக்கமாக நரி நல்லசிவம் வந்தார். எந்த வீட்டு விசேஷமானாலும் யோசனை சொல்வதற்கென்றே ஆஜராகி, வேலை தொடங்கும் நேரத்தில் காணாமல் போகிறவர். நடந்ததைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“அண்ணே, ஏதாவது உள்நோக்கம் இருந்தாத்தான் நம்ம ஜனங்க நம்பும். கடைசியா வர்றவங்க எனக்குக் காலைப் பலகாரம்னு ஒரு வரி சேருங்க. அப்புறம் கூட்டத்தைப் பாருங்க.”

தான் கூழ் குடிக்கிறவன் என்று புள்ளியப்பன் பதறினார்.

“சும்மா எழுதுங்கண்ணே,” என்றார் நரி.

எழுதினார். அன்று சாயங்காலமே நகர் முழுக்க ஒரு நிம்மதி பரவியது. ஆள் இப்போதுதான் மனசில் உள்ளதைச் சொல்கிறார், ஒளிவுமறைவு இல்லாதவர் என்று மூக்கையா வீடு வீடாகப் போய்ச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கால் வைக்க இடமில்லை. மரகதம் தங்கை குடும்பத்தையும் கூட்டி வந்திருந்தாள். வாரம் முழுக்கச் சேற்றுப் பக்கமே போகாமல் பயிற்சி எடுத்த ஏகாம்பரத்தை அவர் மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை.

கொடி அசைந்ததும் என்னமாய் ஓடினார்கள்! புள்ளியப்பன் எல்லாருக்கும் பின்னால், தவறி விழுந்த செருப்புகளைப் பொறுக்கிக்கொண்டு, பள்ளம் இருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடினார். இத்தனை பேரோடு சேர்ந்து ஓடுவது அவருக்கு இதுதான் முதல் தடவை. முன்பெல்லாம் இப்படிக் கூட்டம் ஓடும்போது அவருடைய வேலை வேறாக இருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு வால் தரையில் நிற்கவில்லை.

கடைசியாக வந்து சேர்ந்தவர் ஆமை ஆவுடையம்மாள். நெற்றி நிறைய விபூதி, ஓட்டின் மேல் பட்டுப்புடவை. நேராகப் புள்ளியப்பன் முன்னால் வந்து நின்றார்.

“சட்டுனு முடிங்க தம்பி. வெயில் ஏறுது.”

“அம்மா, நான் அதைச் சும்மாதான் எழுதினேன்,” என்றார் புள்ளியப்பன்.

பூங்கா முழுக்க முகங்கள் தொங்கிப்போயின. உயிரைக் கொடுத்து ஓடியிருக்கிறோமே என்று மூக்கையா கொதித்தார். போன வாரச் சேற்றை யார் திருப்பித் தருவார்கள் என்று ஏகாம்பரம் கேட்டார். எல்லாரையும்விட ஆவுடையம்மாளுக்குத்தான் ஆத்திரம்.

“பாத்திரம் பண்டமெல்லாம் மருமகளுக்கு எடுத்துக் கொடுத்துட்டு வந்திருக்கேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்பக் கேக்கறது?”

புள்ளியப்பன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இனி இந்த நகரில் ஒரு கதவும் திறக்காது. அந்த நேரம் பார்த்து, நீர்மோர்ப் பானையருகே நாலாவது டம்ளரோடு நின்ற நல்லசிவம், எல்லாம் தன் யோசனைதான் என்று பெருமையாகச் சொல்லிச் சிரித்தார். மூக்கையா மெதுவாகத் திரும்பினார்.

“நீங்க ஓடுனீங்களா?”

“நான் எதுக்கு ஓடணும்? நான் யோசனை மட்டும்தான்.”

“அப்ப நீங்க இன்னும் வந்தே சேரல,” என்றார் மூக்கையா. “ஆவுடையம்மாளுக்கும் பின்னால.”

சங்கம் அங்கேயே கூடிக் கைதட்டித் தீர்மானம் போட்டது. எல்லாக் கண்களும் புள்ளியப்பன் மேல் இருந்தன. முதல் தடவையாக ஒருவரும் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. மருத்துவரை நினைத்தார். கரும்பை நினைத்தார். அக்கம்பக்கம் இவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது மறுப்பது மரியாதையில்லை என்று துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மூக்கையா அவர் வீட்டுக்குள்ளேயே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கிண்ணம் கூழும் வாங்கிக் குடித்தார்.

“அடுத்த ஓட்டம் எப்ப சார்? எங்க சொந்தக்காரங்கல்லாம் கேக்கறாங்க.”

புள்ளியப்பனுக்குக் கண் கலங்கியது. இந்தத் தடவை இஞ்சி எதுவும் இல்லை.

நீதி: அக்கம்பக்கத்தாருக்கு எதையும் சும்மா செய்து சந்தேகத்துக்கு ஆளாகாதீர்கள், யோசனை சொல்கிறவர்கள் ஓடிக்கொண்டே சொல்லவும்.