பொரிகடலை மணலும் மாமாவின் மீன்களும்

எல்லாம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், உயிருள்ளதைத் தவிர. தேனியில் அப்போது எனக்கு அந்தப் பெயர் இருந்தது. (வாங்கிக் கொடுத்தவனும் நானேதான்.)

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். சீமைக்குக் கப்பலேறப்போன தோட்டத்துத் துரை ஒருவர், ஏலக்காய் வியாபாரியான என் தாய்மாமாவுக்குத் தன் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த சிவப்பு மீன்களையும் கொடுத்துவிட்டுப் போனார். மாமா மகள் தங்கத்தைக் கட்ட எனக்கு முறை இருந்தது, மாமாவுக்குத்தான் மனசில்லை. வெட்டிப்பயலுக்கு எப்படிக் கொடுப்பது என்று என் அம்மாவிடமே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், சரக்கெடுக்கக் குமுளிக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு சோதனை வைத்தார்.

"ஆத்து மணல அள்ளியாந்து, கலங்கல் போற வரைக்கும் கழுவி, தொட்டிக்கு அடியில பரப்பி வையி. இதையாச்சும் உருப்படியாச் செஞ்சா, பெறகு தங்கத்தப் பத்திப் பேசுவோம்."

ஆற்றில் புதுத்தண்ணீர், செக்கச்செவேல் என்று போனது. அள்ளிய மணலை அலச அலசச் சேறுதான் வந்தது. இடுப்பு விட்டுப்போய்த் திரும்பும் வழியில் பொரிகடலைக் கடை. பக்கத்திலேயே வறுத்துக் கழித்த மணல் குவியல். கல்லில்லை, தூசியில்லை, சலித்து வைத்த மாதிரி இருந்தது. நெருப்பிலேயே வெந்ததைவிடச் சுத்தமான மணல் உலகத்தில் உண்டா? ஒரு கூடை கேட்டேன், கொடுத்தார்கள். அப்படியே கொண்டுபோய் மீன் நீந்திய தொட்டியில் கொட்டினேன். (வெந்ததை எவனாவது கழுவுவானா?)

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் இளமஞ்சளாக மாறியது. வெயில் பட்டு மினுங்குகிறது என்று ரசித்தேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குமுளியிலிருந்து திரும்பிய மாமா உள்ளே நுழைந்ததும், அதுக்குள்ள எங்கிட்ட எப்படிப் பழகிருச்சு பாருங்க என்று பெருமையாகக் காட்டினேன்.

மாமா குனிந்து பார்த்தார். தொட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"ஏலே, மஞ்சளும் உப்பும் சரியாத்தான் இருக்கு. புளி எங்க?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைத் தெளித்துத்தானே கடலையை அந்த மணலில் போட்டு வறுக்கிறார்கள்! சின்ன வயதிலிருந்து மடி நிறைய அந்தக் கடலையைத் தின்று வளர்ந்த நாக்கு இது. நாக்குக்குத் தெரிந்தது தலைக்கு எட்டவில்லை.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த தங்கம் என்னை ஒரு தள்ளு தள்ளினாள். சல்லடையால் மீன்களை அள்ளிக் கிணற்றுத் தண்ணீர் அண்டாவில் விட்டாள். பெரியது மல்லாந்துவிட்டது, மற்றவை மெல்ல வாலாட்டின. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். மீன் போனதுகூடப் பெரிதில்லை, தங்கம் போச்சே என்றுதான் நினைத்தேன்.

மாமா அவளிடமே கேட்டார்: "இவனையா ஆத்தா கட்டப்போற?"

அவள் அண்டாவிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "பாதிக் கொழம்பு வைக்கத் தெரிஞ்சிருக்கு. மீதிய நான் பாத்துக்கிறேம்ப்பா."

மாமா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் புளி, மிளகாய் எல்லாம் அவள் பொறுப்பு. உப்பையும் மஞ்சளையும் மட்டும் யாரும் தொடக் கூடாது. அலசிய மீனைச் சட்டியோடு என் முன்னால் வைப்பாள். பேரப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சுற்றி நிற்கும்.

"தைரியமாப் போடுங்க," என்பாள், "இது செத்த மீனுதான்."