மாப்பிள்ளைக்குக் காத்து எடுத்தவர்

அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி வரைக்கும் ரோட்டில் எங்கே ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தாலும், மோந்து பார்த்தே அது யார் வண்டி, எத்தனை நாளாக ஒழுகுகிறது, அது அவர் வீட்டுக்குத் தெரியுமா தெரியாதா என்பது வரை சொல்லிவிடுவார் மோப்பம் அண்ணன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். வீட்டுக்குத் தெரியுமா என்பதை மட்டும் வண்டிக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. ஒரு மளிகைக்கடைக்காரர் வண்டியை மூன்று மெக்கானிக்குகள் பிரித்து மாட்டியும் ஒழுகல் நிற்கவில்லை. இவர் குனிந்து ஒரு சொட்டைத் தொட்டு மூக்கில் வைத்தார். "அட, இது நல்லெண்ணெய்! சைடு பெட்டியத் தொறங்க." பெட்டிக்குள் மாமியார் வீட்டுக்கு வாங்கிய பாட்டில் மூடி கழன்று கிடந்தது. அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

என்னுடையது பழைய ஜப்பான் வண்டி. சவுதியிலிருந்து திரும்பிய நண்பன் ஜாகீர் ஆசை தீர ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்தது. அதில் கிளட்சுக்கு கேபிள் கிடையாது. லீவரைப் பிடித்தால் ஒரு குழாய் வழியாக எண்ணெய் போய்த் தள்ளும். ஒரு வியாழக்கிழமை அந்த லீவர் வதங்கிய வெண்டைக்காய் மாதிரி தொளதொளத்துவிட்டது. கியர் போட்டால் கரகரவென்று கத்தல். நிறுத்திய இடமெல்லாம் ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை நரிக்குடியில் பெண் பார்க்கப் போகவேண்டும். அதற்கு முன் நான்கு இடம் தட்டிப்போயிருந்தது. ஐந்தாவது இடத்திலாவது இந்த வண்டியில் போய் இறங்கி ஒரு கெத்துக் காட்டவேண்டும் என்பது என் திட்டம்.

மோப்பம் அண்ணன் வண்டிக்கு அடியில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துவிட்டு டீ குடிக்கப் போனார். வந்து பார்த்தால், துணியில் செயின் பல்சக்கரத்துக்கு நேர் கீழே ஒரு வட்டம். லீவர் பக்கம் காய்ந்து கிடந்தது. "மேல லீவர் சிலிண்டர்ல இல்ல. கீழ் சிலிண்டர்லதான் ஒழுகுது." பிறகு ஒரு சொட்டைத் தண்ணீர் டம்ளரில் விட்டார். பாதி கரைந்தது, பாதி மிதந்தது. முகம் சுருங்கிவிட்டது.

"கிளட்ச் எண்ணெய் தண்ணியில கரையும். மிதக்குறது இன்ஜின் ஆயிலு. யாரு ஊத்துனது?"

ஊற்றியது நான்தான். எண்ணெய் குறைந்திருக்கிறதே என்று வீட்டில் மிச்சம் கிடந்ததை எடுத்து ஊற்றியிருந்தேன். "ஜாகீரா இருக்கும்ணே" என்றேன்.

உடனே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஜாகீரையே கேட்டுவிட்டார். "அல்லா மேல ஆணையா அந்த மூடிய நான் தொட்டதே இல்லண்ணே" என்றான் அவன். பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் கேட்டது.

"வண்டிகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார்.

"அண்ணே, ஆளுக பாக்குறாக."

"பாக்கட்டும். கேட்டாத்தான் ஸ்பானரை எடுப்பேன்."

கேட்டேன். டவுன் பஸ் கண்டக்டர் விசில் அடிக்காமல் வேடிக்கை பார்த்தார்.

மேலே கீழே இருந்த ரப்பர் எல்லாம் இன்ஜின் ஆயில் பட்டு உப்பியிருந்தன. புது ரப்பர்களும் குழாயும் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து சேர ஞாயிறு காலை ஆகிவிட்டது. அம்மாவும் மாமாவும் முன்னாடியே காரில் நரிக்குடி போய்விட்டார்கள். அண்ணன் எல்லாவற்றையும் கழுவி மாட்டி, புது எண்ணெய் ஊற்றினார். இனி குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். நான் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக லீவரை அமுக்கிப் பிடிக்க, அவர் கீழே உட்கார்ந்து திருகைத் திறந்து மூட, பாட்டிலுக்குள் குமிழி குமிழியாக வந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. நான் லீவரை விட முடியாது. அவரே எடுத்தார்.

"மாப்பிள்ளையா? இங்கதான் இருக்காக. காத்து எடுத்துக்கிட்டு இருக்கோம்."

எதிர்ப்பக்கம் என்ன கேட்டார்களோ தெரியாது.

"ஆமாங்க, காத்துதான். உள்ள நல்லாப் புகுந்துருச்சு. காலையிலருந்து எடுக்கோம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகுது. முழுசா எடுத்துட்டுத்தான் அனுப்புவேன், நீங்க பயப்படாதீக."

போன் பட்டென்று கட் ஆனது. "யாருண்ணே?"

"பொண்ணோட அப்பாவாம். பாவம், குரலே நடுங்குது."

"அண்ணே! எனக்குப் பேய் பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சிருப்பாக!"

அவர் லீவரை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். கிண்ணென்று இருந்தது. "கிளம்பு, நானும் வாரேன்" என்று அழுக்குச் சட்டையோடு பின்னால் ஏறிக்கொண்டார். திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தும் அந்த வீட்டிலும் சரி, அம்மாவும் மாமாவும் சரி, யாரும் போனை எடுக்கவில்லை.

நான் நினைத்த மாதிரியேதான் வண்டி கெத்தாகப் போய் நின்றது. பார்க்கத்தான் ஆளில்லை. வாசலில் ஒரு பெரியம்மா திருநீற்றுத் தட்டோடு நின்று என் கண்ணையே உற்றுப் பார்த்தார். உள்ளே அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மோப்பம் அண்ணன் நேராக உள்ளே போய், சட்டைப் பையிலிருந்து உப்பிப்போன ரப்பரை எடுத்துக் கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "காத்து புகுந்தது வண்டிக்குத்தாங்க. இந்தா ஆதாரம்." இரண்டு காப்பி டம்ளரை மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்று வைத்துக்கொண்டு கால் மணி நேரம் விளக்கினார். பெண்ணின் அப்பா முதலில் முறைத்தார், பிறகு தலையாட்டினார், கடைசியில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அப்போது கதவோரத்திலிருந்து பெண் கேட்டாள். "சரி, அதுல இன்ஜின் ஆயில ஊத்துனது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் விட்டத்தைப் பார்த்தார். நல்ல மனுஷர், காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

"பொய் சொல்லுவாப்ல. ஆனா மாட்டிக்கிட்டா ஒத்துக்குவாப்ல" என்றார் அண்ணன், எனக்காகப் பரிந்து.

அவள் சிரித்துவிட்டாள். அந்த நிமிஷம்தான் சரி சொல்லலாம் என்று தோன்றியதாக இன்றைக்கும் சொல்கிறாள்.

எனக்கு ஏழு வயசிலேயே அப்பா இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் அப்பா நிற்கவேண்டிய இடத்தில், எவ்வளவு தேய்த்தும் நகத்தில் கறுப்புப் போகாத ஒரு மனுஷர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். வரமாட்டேன் என்றவரை நான்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினேன்.