பூசி மெழுகும் பெரியப்பா

குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு பெரியப்பா உண்டு. பணம் தராமல் யோசனை மட்டும் தருபவர், பந்தியில் முதலில் உட்காருபவர் என்று அவர்களில் பல ரகம். இங்கே நான் அறிமுகம் செய்வது பூசி மெழுகுபவரை. அடையாளம் எளிது. செருப்பைக் கழற்றும்போதே "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்பார். என்ன நடந்தது என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சொத்துத் தகராறோ, மாமியார் மருமகள் மனஸ்தாபமோ, மாடி வீட்டுக்காரர் குழாயை மூடாமல் வெளியூர் போய்விட்டதோ, எதுவானாலும் இரு தரப்பையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து, கை குலுக்கச் சொல்லி, "சிரிங்க" என்று அதட்டி, அவர்கள் பல்லைக் காட்டியதும் காபி கேட்பார். காபி வந்தால் வழக்கு முடிந்தது. இப்படிச் சில சண்டைகள் நிஜமாகவே தீர்ந்திருக்கின்றன. மனிதர் கெட்டவரில்லை. அதுதான் சிக்கல்.

எனக்குத் தெரிந்த பெரியப்பாவின் தம்பி மகள் ஒரு நர்ஸ். கணவர் லாரி ஓட்டுகிறார். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மகனுக்குப் பதினான்கு வயது, மகளுக்கு ஒன்பது. ஒரு மாலை அந்தச் சிறுமி அம்மாவிடம், அண்ணன் தன்னைத் தொடக்கூடாத இடத்தில் தொடுகிறான், யாரிடமும் சொல்லாதே என்கிறான் என்று சொன்னாள். கை கால் ஓடாமல் அம்மா பெரியப்பாவுக்குப் போன் செய்தாள்.

அவர் வந்தார். அவள் பாதி சொல்வதற்குள் தீர்ப்பும் வந்தது.

"சின்னப் பசங்கம்மா. ஏதோ விளையாட்டு."

சோபா தயாரானது. பையன் தலை குனிந்தபடி கையை நீட்டினான். சிறுமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னடா கண்ணு, அண்ணன்தானே? நீயும் ஒரு மன்னிப்பு கேட்டுடு. எல்லாம் சரியாப் போயிடும்."

"நான் எதுக்குத் தாத்தா கேக்கணும்?"

இத்தனை பஞ்சாயத்தில் இந்தக் கேள்வியை அவர் சந்தித்ததே இல்லை. அம்மா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ கேக்க வேண்டாம். நீ சொன்னதை நான் நம்பறேன்."

அன்று காபி வரவில்லை.

மறுநாள் அம்மா மகளோடு, தான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் குழந்தைகள் ஆலோசகரைப் பார்க்கப் போனாள். பெரியப்பாவும் கூடவே போனார். அவரில்லாமல் ஒரு காரியம் நடக்குமா? அந்த ஆலோசகரம்மா, தான் இதே விஷயத்தைப் பல காலம் ஆராய்ந்தவர் என்று சொன்னார்.

"ஆராய்ச்சியா? இதுக்கெல்லாமா?" என்றார் பெரியப்பா.

"இதுக்குத்தான் ஐயா. வீட்டுக்குள்ள நடக்கறதால எல்லாரும் விளையாட்டுன்னுடறாங்க. விளையாட்டுன்னா ரெண்டு பேருக்கும் பிடிக்கணும். வயசுல இவ்வளவு வித்தியாசம், அவளுக்குப் பயம், சொல்லாதேன்னு மிரட்டல். இதுக்கு வேற பேரு."

"வெளியே தெரிஞ்சா பையன் எதிர்காலம்?"

"சொல்ல வேண்டிய இடத்துல நான் சொல்லித்தான் ஆகணும். பையனுக்கும் உதவி வேணும், அதுவும் கிடைக்கும். ஆனா முதல்ல இவ பயமில்லாம தூங்கணும். அதுவரைக்கும் அவன் வேற வீட்டுல, பெரியவங்க கண்ணு முன்னால இருக்கட்டும்."

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் வீட்டு மாடியில் மின்விசிறியோடு ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. அவர் தொண்டையைக் கனைத்தார்.

"அதுக்கென்ன... ஆனா லீவுக்குப் பேத்தி வருவாளே..."

"வந்தா என்ன பெரியப்பா? விளையாட்டுன்னீங்களே?" என்றாள் தம்பி மகள்.

பெரியப்பா எழுந்து செருப்பைத் தேடினார். பிரம்மச்சாரியான தாய்மாமன் வந்து பையனை அழைத்துப் போனார். ஆலோசகரைப் பார்க்க வாரம் தவறாமல் கூட்டி வருகிறார். சிறுமியின் அறைக் கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் வந்தது. முதல் சில நாள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள்.

பெரியப்பாவைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்து வருகையில் "பாவம், நல்ல குடும்பம், இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்க வேண்டாமோ" என்று ஒரு கணம் தோன்றியதா?

தோன்றியதா? அப்படியானால் வாங்க பெரியப்பா, உட்காருங்க.