அக்கா, உங்கள் மகன் தோற்க ஆசைப்படுகிறான்

கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டம்,
சனிக்கிழமை.

கிள்ளான் வெயிலையும் மச்சானையும் ஒருசேரச் சமாளித்துக் குடித்தனம் நடத்தும் என் அன்பு அக்கா இராசம்மா அவர்களுக்கு, தம்பி விஜயன் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி பாஞ்சாலையும் நலம். உங்கள் மகன் குகனேஸ்வரன் எங்கள் இருவரையும்விட நலம், அதுதான் இப்போது பிரச்சினை. போனில் பேசினால் நீங்கள் மட்டும்தான் பேசுவீர்கள் என்பதால் கிள்ளானுக்கு வரும் மகேனின் காய்கறி லோரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படவும்.

யுனிவர்சிட்டி லீவில் பையன் சும்மா படுத்துக் கிடக்கிறான், ஏதாவது வேலை போட்டுக் கொடு என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நானும் போட்டுக் கொடுத்தேன். சுற்றுப்பயணிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஆளுக்கொரு கூடை மாட்டிவிட்டு, கொழுந்து பறிக்க வைத்து, எந்தக் கூட்டத்தின் கூடைகள் அதிக எடை என்று தராசில் நிறுத்து, ஜெயித்தவர்களுக்குத் தேநீரும் கேக்கும் கொடுக்கும் போட்டி ஒன்றை நான் நடத்துவது உங்களுக்குத் தெரியும். சிவப்புத் தொப்பிக் கூட்டத்துக்கு உங்கள் மகனைத் தலைவனாகப் போட்டேன். நீலத் தொப்பிக்கு எங்கள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஹரோல்டின் மகள் ஷாரன், அவளும் காலேஜ் லீவில் வந்தவள். முதல் நாளே இரண்டு பேரும் சேவல் மாதிரி சிலுப்பிக்கொண்டு நின்றார்கள். இவன், "நீலத் தொப்பி பறிக்கிறது கொழுந்தா, ஆட்டுக்குத் தழையா?" என்பான். அவள், "கிள்ளான் தம்பிக்குத் தேயிலையும் கங்கோங் கீரையும் ஒண்ணுதான்லா, பாவம் விடுங்க!" என்பாள். கூட்டம் பறிப்பதை விட்டுவிட்டு இவர்களை வீடியோ எடுத்தது. கியா பார்முக்கு ஸ்ட்ராபெரி வாங்கப் போன பஸ்கூட நம் பக்கம் திரும்பியது. எங்கள் துரை வந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "கங்காணி, கூட்டம் வர்ற வரைக்கும் நீங்க இங்கயே உக்காந்துக்கலாம். கூட்டம் கொறைஞ்சா பழையபடி செடிக்கு மருந்தடிக்கப் போகணும், ஓகே?" என்றார். அக்கா, மருந்து டின்னை முதுகில் கட்டிக்கொண்டு அந்தச் சரிவில் ஏற இந்த வயதில் என் முட்டிக்கால் சம்மதிக்காது. எனக்கு அந்தத் தராசடி நாற்காலி வேண்டும்.

அந்த நாற்காலிக்கு ஓர் அட்டையால் ஆபத்து வந்தது. மழை பெய்த ஒரு காலையில் உங்கள் மகன் காலில் அட்டை ஏறிவிட்டது. அதைப் பார்த்தவுடன் வீரன் கண்ணைச் செருகிக்கொண்டு தேயிலைச் செடிமேலேயே மல்லாந்துவிட்டான். ஷாரன் வயிறு வலிக்கச் சிரித்தாள், பிறகு உப்பை வைத்து அட்டையை எடுத்துப் போட்டாள், பிறகு அவன் கண் திறக்கும்வரை தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். இந்தக் குளிரில் எதற்கு விசிறினாள் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

மறுநாள் தராசில் இரண்டு கூட்டமும் சரிசமம். அதற்கு மறுநாளும் அப்படியே. தராசு கெட்டுவிட்டது என்று நினைத்து நான் அதன்மேல் ஏறி நின்றேன், என் எடையைச் சரியாகத்தான் காட்டியது, கொஞ்சம் கூடுதலாகவே. சரி, என்னதான் நடக்கிறது என்று ஒரு செடிக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தால், அவள் திரும்பிய நேரத்தில் இவன் தன் கூடையிலிருந்து இரண்டு கை கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போடுகிறான். இவன் திரும்பிய நேரத்தில் அவள் அள்ளி இவன் கூடையில் போடுகிறாள். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. நாற்பது வருடமாக இந்தத் தோட்டத்தில் அடுத்தவர் கூடையிலிருந்து கொழுந்து திருடியவர்களைப் பிடித்திருக்கிறேன், அடுத்தவர் கூடையில் திருட்டுத்தனமாகப் போட்டவர்களைப் பிடித்ததே இல்லை. அதற்கு என்ன தண்டனை என்றும் எனக்குத் தெரியவில்லை. ஜொகூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும், "நாங்க முதுகு ஒடிய பறிக்கிறோம், எங்க தலைவனே எதிரிக்கு அள்ளிக் குடுக்குறான்!" என்று கத்தி, தொப்பியைக் கழற்றி என் மடியில் எறிந்துவிட்டுப் போனார்.

சண்டையும் நின்றுவிட்டது. "நீங்க மொத நிறுங்க." "இல்ல, நீங்க நிறுங்க." இதைப் பார்க்க யார் வருவார்கள்? நானே மூட்டிவிடலாம் என்று, "ஒன் மூக்கு வெண்டைக்கா மாரி இருக்குன்னு ஷாரன் சொல்லுச்சு" என்று இவனிடம் சொன்னேன். "கரெக்டா சொல்லிருக்கா மாமா" என்று மூக்கைத் தடவிக்கொண்டு போகிறான். அவளிடம் போய், உன் குரல் தகர டப்பா என்று குகன் சொன்னான் என்றேன். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும் அங்கிள்" என்கிறாள். நடுவில் ஹரோல்ட் என்னை ஆபீசில் மடக்கி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஒங்க மருமகன் சர்ச்சுக்கெல்லாம் வருவானா?" என்று கேட்டார். நான், "அவன் குளிருக்குப் பயந்து குளிக்கவே போக மாட்றான் சார்" என்று சொல்லிவைத்தேன்.

இப்போது கூட்டம் பாதியாகிவிட்டது. ஆகவே அக்கா, நீங்கள் உடனே மலையேறி வந்து உங்கள் மகனை அழைத்துக்கொண்டு போகவும். முடியாவிட்டால், அந்தப் பெண்ணோடு முன்போல் சண்டை போடச் சொல்லிப் பெற்ற தாயாகப் புத்திமதி சொல்லவும். மச்சானின் சர்க்கரை குறையவும், உங்கள் குரல் குறையாமலிருக்கவும் அந்த முருகனை வேண்டும்,

தம்பி,
விஜயன்.

பின்குறிப்பு: மகேனின் லோரி இங்கே வரும் வழியில் டயர் வெடித்துத் திரிங்காப்பில் நின்றுவிட்டதால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இன்று ஞாயிறு. காலையில் இவன் கொழுந்து போடுவதை ஷாரன் பார்த்துவிட்டாள். "எனக்குப் பிச்ச போடுறியா? நான் சொந்தமா ஜெயிக்க மாட்டேனா?" என்றாள். "நீ என் கூடையில போட்டதில்லன்னு சொல்லு பாப்போம்!" என்று எப்படியோ இவனும் கண்டுபிடித்துக் கத்தினான். நிஜச் சண்டை, அக்கா! ரோட்டில் போன வண்டியெல்லாம் நின்றது. துரை கைதட்டி, அடுத்த லீவுக்கும் நாற்காலி எனக்குத்தான் என்றார். நான் கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் மத்தியானம் குகன் சோற்றைத் தொடவில்லை. அந்தப் பெண் நீலத் தொப்பியை என் மேசைமேல் வைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டாள். சாயங்காலம் நானே ஹரோல்ட் வீட்டுப் படியேறி, "அவன் பிச்ச போடலம்மா. நீ ஜெயிச்சுச் சிரிக்கிறதப் பாக்கணும்னு போட்டான்" என்றேன். அவள் அழுதுகொண்டே, "நானும் அதுக்குத்தான் அங்கிள் போட்டேன்" என்றாள். இப்போது இரண்டு பேரும் எங்கள் வாசலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் இனி வராது, மருந்து டின்னை நான் கழுவிக் காயவைத்துவிட்டேன். நீங்கள் அவசியம் வாருங்கள். அவனை அழைத்துப் போக அல்ல, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, ஹரோல்டிடம் பேச. பேசுவதற்குத்தான் நீங்கள் வேண்டும் அக்கா, இந்த ஒரு தடவை நீங்கள் மட்டுமே பேசினாலும் பரவாயில்லை.