கறிக்கடைக்காரரின் சைவ உலகம்

ஆடு செத்துவிட்டது.

ஆடு சாவதெல்லாம் கறிக்கடைக்காரருக்குப் பெரிய விஷயமே இல்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டே ஊர் நியாயம் பேசுகிறவர். ஆனால் இது கடை ஆடு இல்லை. டிவிக்குள் சதுரம் சதுரமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்த வீடியோ கேம் ஆடு. பெயர் கறுப்பி. மகளுக்கு அதுதான் உயிர்.

அந்த விளையாட்டில் எதையும் கட்டலாம், வெட்டலாம், கொல்லலாம். ஏன் என்று கேட்க நாதியில்லை. அதனால் மகளே ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

"நம்ம உலகத்துல எந்த உயிரையும் கொல்லக் கூடாது. யாராவது கொன்னா, மொத்தத்தையும் அழிச்சுட்டு முதல்லேருந்து கட்டணும்."

"நானா கொல்லப்போறேன்?" என்று சிரித்தார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. "ஸ்கூல்ல என்னைக் 'கறிக்கடை'ன்னுதான் கூப்பிடறாங்க. இங்க மட்டும் நீங்க ஆடு மேய்க்கறவர். சரியாப்பா?"

அவருக்குச் சுருக்கென்றது. அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் சேர்ந்து வீடு, பட்டி, பாலம் என்று ஒரு ஊரையே எழுப்பிவிட்டார்கள். ஒரு எறும்புக்குக்கூடக் கெடுதல் இல்லை.

இன்றைக்கு டியூஷன் கிளம்பும்போது அவள் சொன்னது ஒரே ஒரு வேலை. "கறுப்பிக்கு முடி வெட்டி விட்டுடுங்கப்பா."

விளையாட்டுப் பையில் கத்தரிக்கோலும் இருந்தது, கோடாலியும் இருந்தது. ஆட்டைப் பார்த்ததும் அவர் கை எதை எடுக்கும்? முடி வெட்டச் சொன்னால் கழுத்தை வெட்டிவிட்டார். கறுப்பி நின்ற இடத்தில் இரண்டு துண்டு கறி கிடந்தது.

"ஐயையோ!"

"என்னங்க ஆச்சு?" என்று சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் கண்ணு கலங்கியிருக்கு?"

"வெங்காயம்."

"வெங்காயம் என் கையிலதானே இருக்கு!" என்றவள் டிவியைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "எப்பப் பாரு இந்தக் கருமம்தான். அதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது." உள்ளே போய்விட்டாள்.

முதலில் தடயத்தை மறைக்க வேண்டும். கறியை எடுத்துக்கொண்டு ஆற்றில் போடப் போனார். வழியில் விளையாட்டு ஊரின் வியாபாரி ஒருவன், கறி கொடுத்தால் பச்சைக் கல் தருவேன் என்று நின்றான். தொழில் புத்தி எங்கே போகும்? கொடுத்து வாங்கிய பிறகுதான் உறைத்தது. கொன்றது போதாதென்று வியாபாரமும் முடித்தாயிற்று! வெட்கம் பிடுங்கித் தின்றது.

சரி, மலைக்கு அந்தப் பக்கம் வெள்ளை ஆடுகள் திரிந்தன. கோதுமையைக் காட்டினால் பின்னாலேயே வரும். பட்டியில் நின்றே கோதுமையைக் கையில் எடுத்தார். வெள்ளை ஆடு வரவில்லை. பட்டியிலிருந்த மாடெல்லாம் வந்தன. அவர் கதவைச் சாத்த மறந்திருந்தார். அவர் மலைக்கு நடக்க, பின்னால் வந்த ஊர்வலம் மகளின் தோட்டத்தை மிதித்துத் துவைத்துவிட்டு மலையேறியது.

மாடுகளைக் கெஞ்சிக் கூத்தாடித் திருப்பி, கூடவே ஒரு வெள்ளை ஆட்டையும் ஓட்டி வந்தார். இனி சாயம் பூசினால் தீர்ந்தது. பெட்டியைத் திறந்தார். மகள் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்த கறுப்புச் சாயத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பதற்றத்தில் நீலத்தைப் பூசினார். ஆடு பள்ளிக்கூடச் சீருடை மாதிரி நின்றது. அதன்மேல் அந்தக் கடைசிக் கறுப்பையும் பூசி முடிக்கவும், மகள் செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது.

"கறுப்பி எப்படிப்பா இருக்கா? முடி வெட்டலையா?"

"அழகா இருக்கேன்னு விட்டுட்டேம்மா."

"தோட்டம் ஏன் இப்படி இருக்கு?"

"மாடு... காத்தாட நடந்துச்சு."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். "தோட்டம் போனாப் போகுது. இன்னிக்கு ஒருத்தி என்னைக் கறிக்கடைன்னு கூப்பிட்டா. எங்கப்பா கேம்லகூட ஒரு கோழியைக் கொன்னதில்ல, தெரியுமான்னு கேட்டேன். வாயை மூடிக்கிட்டா."

திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இது கறுப்பி இல்லம்மா," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "கறுப்பியை அப்பா கொன்னுட்டேன். வேணும்னு இல்ல, கை தானா போயிடுச்சு. கறியையும் வித்துட்டேன். இது வேற ஆடு. சாயம் பூசியிருக்கேன்."

மகள் தோளிலிருந்து எழுந்தாள். அவளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள்தானே. ரிமோட்டை எடுத்து, 'உலகத்தை அழிக்கவா?' என்று கேட்கிற இடத்துக்குப் போனாள். வீடு, பட்டி, பாலம் எல்லாம் ஒரு பொத்தானில் போகப்போகிறது. கறிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னங்க, கறுப்புச் சாயத்தைத் தீர்த்துட்டீங்களா? அடுத்த தடவை நான் கொன்னா எதைப் பூசறது?"