வளைவே வேண்டாம் என்று வாங்கிய தண்டவாளம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லுவேன், பேர் மறந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சங்கதி மட்டும் மறக்கவில்லை. மறக்கலாம் என்றால் வீட்டில் விடுவதில்லை.

கல்யாணமான புதுசு. நாடு சுதந்திரம் வாங்கிக் கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்தது. ராயபுரத்தில் குடித்தனம், வீட்டுக்காரருக்கு ரயில்வே யார்டில் வேலை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். மாமியார் என்னை 'ஊமை' என்றுதான் கூப்பிடுவார். (எப்போதாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பயமாக இருக்கும்.)

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு யார்டு ஷெட்டில் பொம்மை ரயில் ஓட்டுவது என்று முடிவாயிற்று. சட்டைக்கார டிரைவர், அதாவது ஆங்கிலோ இந்தியர் ஒருவர், சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன ரயில் அது. சாவி கொடுத்தால் ஓடும். இன்ஜினும் பெட்டிகளும் இருந்தன, தண்டவாளம்தான் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. இவரும் கூட்டாளிகளும் நீளமான மேஜை போட்டு, அட்டையில் ஸ்டேஷன், காகிதக் கூழில் மலை என்று ஜோடித்தார்கள். பகல் ஷிப்டு என்பதால் தண்டவாளம் வாங்குகிற வேலையை என் தலையில் கட்டினார்.

"வாயத் தொறக்காத பொண்ணப் போயி கடைக்கு அனுப்புறியே, நைனா!" என்றார் மாமியார்.

"ரயில்காரன் பொண்டாட்டிமா அவ. சோக்கா பாத்து வாங்கிக்கினு வருவா. ஷெட்டுலயும் சொல்லிட்டேன்."

மாமியார் முன்னால் அவர் எனக்காகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் மானத்தைக் காப்பாற்றியே தீருவது என்று கிளம்பினேன்.

வண்ணாரப்பேட்டையில் பழைய கப்பல் சாமான் விற்கும் பாய், இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். ஒன்றில் வளைந்த துண்டுகள், இன்னொன்றில் நேர்த் துண்டுகள்.

"ரெண்டுலயும் கலந்து எடுத்துக்கம்மா. வளைவு இருந்தாத்தான் சுத்திச் சுத்தி வரும்."

இங்கேதான் என் ரயில்வே ஞானம் வேலை செய்தது. இவருடைய யார்டில் ஒரு வளைவு உண்டு. வாரம் தவறாமல் அங்கே ஏதாவது ஒரு வேகன் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். அதைத் தூக்கி வைத்துவிட்டு இவர் வருவதற்குள் சோறு ஆறி, குழம்பில் ஆடை கட்டியிருக்கும். "பாழாப்போன வளைவு" என்று திட்டிக்கொண்டேதான் கால் கழுவுவார். அவர் வாயால் வளைவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதே இல்லை.

"வளைவு வேணாம் பாய்."

"நேரா போவும். அப்பால?"

"போற ஊருக்குப் போவும்."

பாய் தாடியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். "மாத்தறதுன்னா பண்டிகைக்கு முன்ன வந்துரு தங்கச்சி" என்றார். (நல்ல மனுஷன். புரிந்துகொள்ளத்தான் ஆள் இல்லை.)

பூஜையன்றுதான் ஷெட்டில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். அன்றைக்குக் குடும்பங்களையும் உள்ளே விடுவார்கள் என்பதால், நானும் மாமியாரும் போயிருந்தோம். இவர் ஒரு துண்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், பொட்டலத்தையே கவிழ்த்தார்.

"இன்னாமே இது, எல்லாம் ஈர்க்குச்சி மாதிரி கீது?"

"தோஸ்து, வண்டி எங்கயும் நிக்காம நேரா டில்லிதானா?" என்றார் ஒரு கூட்டாளி.

கடைகள் மூடியாயிற்று, ஃபோர்மேன் வரும் நேரம். வேறு வழியில்லாமல் மலையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மேஜை நெடுக ஒரே கோடாகத் தண்டவாளம் போட்டார்கள்.

"நீ அந்தக் கோடியில நில்லு. வண்டி வந்ததும் புடிச்சுக்க. அவ்ளோதான்" என்றார் இவர். தலையாட்டினேன். மாமியார் பக்கம் திரும்பவே இல்லை.

ஃபோர்மேன் மடிப்புக் கலையாத வெள்ளைப் பேண்டில் வந்து, சரியாக என் பக்கத்தில் நின்றார். இவர் சாவி கொடுத்து வண்டியை விட்டார். அது கிர்ரென்று வந்துகொண்டிருந்தது. அவ்வளவு பெரிய அதிகாரி பக்கத்தில் வந்து நின்றால் நான் என்ன செய்வேன்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒதுங்கி வழிவிட்டேன். ரயிலுக்கும் சேர்த்து.

வண்டி மேஜையை விட்டுப் பறந்து, கீழே சந்தனம் கரைத்து வைத்திருந்த குண்டானில் தலைகுப்புற விழுந்தது. ஃபோர்மேனின் பேண்டு முழங்கால்வரை பூஜைக்கு உகந்ததாகிவிட்டது.

"இந்தத் தண்டவாளத்தை வாங்கினது யாரு?"

"என் சம்சாரம் சார்" என்றார் இவர், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"ஏம்மா, பேருக்குக்கூட ஒரு வளைவு இல்லையே?"

அத்தனை பேர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு இது: "வளைவுலதான் சார் வண்டி எறங்கிடுது. சோறு ஆறிப்போவுது."

ஷெட்டே சிரித்தது. ஃபோர்மேனும் சிரித்தார். பிறகு கைக்குட்டையால் பேண்டைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, "எந்த வளைவு?" என்று இவரைக் கேட்டார். இவர் சொல்ல, அதுவரை புகார் செய்யப் பயந்திருந்த கூட்டாளிகளும் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பொங்கலுக்குள் அந்த வளைவைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். என்னால்தான் என்று நான் சொல்லவில்லை. மாமியார்தான் தெருவெல்லாம் சொன்னார்: "எங்க வூட்டு ஊமை ஒரு வார்த்த பேசிச்சு, ரயிலு ரோட்டையே மாத்திட்டானுங்க!"

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் நேரம் கழித்து வந்தாலும், "இன்னா, வளைவா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் குழம்பைச் சூடு பண்ணப் போய்விடுவேன்.

அந்த வளைவு துறைமுகத்துப் பக்கமா, கொருக்குப்பேட்டைப் பக்கமா என்று இப்போது குழம்புகிறது. ரயில்வேயில் இருந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள். சோறு ஆறிப்போனதை மட்டும் திருத்த வேண்டாம், அது சரிதான்.